நாத்தனார் படமெடுத்த வெள்ளி ரூபாய்

எந்தப் படிவத்தை நீட்டினாலும் ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிட்டு நிமிர்கிற என் சக பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரியும், நம் தொழிலில் பாதி நேரம் நீதிபதி வேலைதான். கத்தரிக்காயின் காம்பைப் பார்த்துத் தீர்ப்பு. சிலிண்டரைக் காலால் தள்ளிப் பார்த்துத் தீர்ப்பு. மீன் என்றால் செவுளைத் தூக்கி, கண்ணை அழுத்தி, மேல்முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்பு. ராயபுரத்தில் இருபத்தாறு வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். நேற்றைய மீனை இன்றைய மீன் என்று என் தலையில் கட்டியவர் இதுவரை இல்லை. அந்தத் திமிருக்குத்தான் கடவுள் என் கையில் ஒரு பழைய வெள்ளிக் காசைக் கொடுத்தார். காசுக்குச் செவுள் கிடையாது. அதை வைத்துக்கொண்டு மூன்று வாரம் நான் பட்ட பாடு இது.

பதினாறாம் நாள்

என் மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய தகர டப்பாவைத் திறந்தோம். ரப்பர் பேண்டு போட்ட பென்ஷன் காகிதங்கள், ஒரு காது உடைந்த மூக்குக்கண்ணாடி, அடியில் ஒரு பெரிய ரூபாய்க் காசு. எண்ணெய் காணாத தோசைக்கல் மாதிரி கறுப்பு. ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராணி, மறுபக்கம் ‘ஒன் ருப்பீ இந்தியா’, கீழே 1862. வீடு வாடகை வீடு, பணம் மருந்துக்குப் போய்விட்டது. ஆக, அவர் விட்டுப்போன சொத்து இந்த ஒன்றுதான். வாரிசுகள் இரண்டு: என் வீட்டுக்காரர், அவருடைய ஒரே தங்கை கஸ்தூரி.

கஸ்தூரி மணலி புதுநகரில் தையல் கடை வைத்திருக்கிறாள். காசைக் கையில் வாங்கினாள். ராணி பக்கம் பார்த்தாள், எழுத்துப் பக்கம் பார்த்தாள். போனை எடுத்து இரண்டு பக்கமும் படம் பிடித்துக்கொண்டாள். அது எனக்கு எதிரான சாட்சி என்று புரிந்தது. காரணம் ஓர் அண்டா. பதினோரு வருடத்துக்கு முன் மாமியார் தவறிய கையோடு, அவருடைய பித்தளை அண்டாவைப் பாத்திரக் கடையில் போட்டுவிட்டு நான் எவர்சில்வர் குடம் வாங்கினேன். மூலையில் களிம்பேறிக் கிடந்த அண்டா. ஆனால் அது அவளுடைய அம்மாவின் அண்டா. அன்றிலிருந்து கஸ்தூரி கணக்கில் நான் கைமாற்றுகிறவள். சாதாரணமாக என்னை ‘நீ’ என்பவள், கோபம் வந்தால் ‘நீங்க’ என்பாள். அன்று சொன்னாள்:

“நீங்கதான் கான்வென்ட்ல படிச்சவங்க, அண்ணி. இங்கிலீஷ்ல எழுதிகீது. இன்னா பெறும்னு நல்லா விசாரிச்சு வையுங்க. நான் போட்டோ எடுத்து வச்சிகினேன்.”

பல்பொடி

எங்கள் பள்ளியில் காலை அசெம்பிளிக்கு முன் காலர், நகம், ஷூ மூன்றையும் சிஸ்டர் பார்ப்பார். ஷூவில் முகம் தெரியாவிட்டால் வகுப்புக்கு வெளியே. பத்து வருடம் அப்படி வளர்ந்தவள் ஒரு ராணியைக் கரிமூஞ்சியோடு கடைக்கு அழைத்துப் போவாளா? புளி, ரோஸ் கலர் பல்பொடி, பழைய டூத் பிரஷ். கொலுசுக்கும் குங்குமச் சிமிழுக்கும் செய்கிற அதே வைத்தியம். அரை மணியில் ராணி வெள்ளை வெளேர் என்று வந்துவிட்டாள்.

ஆனால் வருடத்துக்குக் கீழே பொட்டுப் பொட்டாகச் சில புள்ளிகள் மட்டும் போக மறுத்தன. சிஸ்டர் கண்ணில் பட்டால் சும்மா விடுவாரா? புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, நுனியால் நோண்டினேன். அப்போதும் போகவில்லை. அழுக்குக்கு இவ்வளவு அகம்பாவமா என்று இன்னும் இரண்டு நோண்டு. பெருமையோடு கொண்டுபோய், ஷிஃப்ட் முடிந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவருக்கு அப்பாவின் டப்பாவில் இருந்த எதுவும் தெரியாது. துறைமுகத்தில் எந்த கண்டெய்னர் எங்கே நிற்கிறது என்பது மட்டும் தெரியும். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நல்லாத்தான் கீது. ஆனா கஸ்தூரி எடுத்த போட்டோவுல கறுப்பால்ல இருந்துச்சு?”

காபி டம்ளரை நான்தான் அவர் கையிலிருந்து வாங்கி வைத்தேன். வைத்த இடத்தில் மேஜை இல்லை.

தராசு

மறுநாள் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கடைக்குப் போனேன். விலை என்று ஏதாவது தெரிந்தால், கஸ்தூரியிடம் பேச்சை அந்தப் பக்கம் திருப்பலாமே என்ற எண்ணம். சேட்டு காசின் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் தராசில் போட்டார். அந்தக் காலத்து ரூபாய் சரியாக ஒரு தோலா எடை இருக்க வேண்டுமாம், இது கொஞ்சம் குறைகிறதாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் தேய்த்ததில் போனதா? ஒரே நாளில் எடை குறைகிற அளவுக்கா தேய்த்தேன்? வீட்டில் வாஷ்பேசினில் ஓடிப்போன கறுப்புத் தண்ணீர் கண் முன்னால் வந்தது.

“இது விக்டோரியா மகாராணி. நூத்தி அறுபது வருஷத்துப் பழசு” என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். அவருக்கு இதெல்லாம் தினமும் கேட்கிற பாட்டு போலிருக்கிறது. கோபமே இல்லாமல், வெள்ளி விலையை ஒரு சீட்டில் எழுதித் தள்ளிவிட்டுச் சொன்னார்:

“அம்மா, எனக்கு ராணியும் ஒண்ணு, கொலுசும் ஒண்ணு. உருக்கினா மூஞ்சி இருக்காது.”

கீழ் வீட்டு ஷீலா

என் பதற்றம் போதாது என்று கீழ் வீட்டு ஷீலா அதற்கு எண்ணெய் ஊற்றினாள். போனில் ஒரு வீடியோ காட்டினாள். கழுத்தில் பட்டை பட்டையாகச் சங்கிலி போட்ட ஓர் ஆள், கையில் இதே ராணி, பின்னணியில் பணக்கட்டு மழை. இந்தக் காசு உங்களிடம் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி என்றான். லட்சம் என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷமா வந்தது? கஸ்தூரியின் பங்கான பாதி லட்சத்தைப் பல்பொடி போட்டுத் தேய்த்துவிட்டேனே என்றுதான் தோன்றியது. ஷீலாவே வீடியோவில் இருந்த எண்ணுக்கு ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள். எடுத்தவன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள், பிறகு எங்கள் ஆபீசர் வீட்டுக்கே வந்து பணம் தருவார் என்றான். “அந்த லட்சத்துல என் கட்டணத்தைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் கொண்டு வரச் சொல்லுங்க உங்க ஆபீசரை” என்றேன். பட்டென்று வைத்துவிட்டான்.

காசு வாங்குகிறவன் கைவிட்டுப் போன வருத்தம் ஷீலாவுக்கு. காசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என் கண்ணைப் பார்த்தாள். கஸ்தூரியிடமிருந்து எந்த வார்த்தை வரக் கூடாது என்று பயந்துகொண்டிருந்தேனோ, அது ஷீலா வாயிலிருந்து வந்தது:

“ஏங்க்கா, இம்மாம் பளபளன்னு கீதே. இது டூப்ளிகேட் இல்லியே?”

தேசம்மாவின் கல்

இனி தூக்கம் ஏது? ஒருவேளை டப்பாவில் இருந்ததே டூப்ளிகேட்டோ? அப்படியென்றால் கஸ்தூரி, மாமனார் டூப்ளிகேட் வைத்திருந்தார் என்று நம்புவாளா, அண்ணி மாற்றிவிட்டாள் என்று நம்புவாளா? இந்தக் கேள்விக்குப் பதில் எழுத கான்வென்ட் வரைக்கும் போக வேண்டாம். இப்படியே நாட்கள் ஓடி, மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை மீன் வாங்கப் போன இடத்தில், பையில் கர்ச்சீப்பில் முடிந்து வைத்திருந்த காசை, தெருமுனையில் மீன் விற்கும் தேசம்மாவிடம் நீட்டினேன். அவள் அம்மா காலத்தில் இந்த மாதிரிக் காசையெல்லாம் கொலுசாக அடித்துக்கொள்வார்களாம். தேசம்மா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு காசை வாங்கி, மீன் வெட்டுகிற கட்டைக்குப் பக்கத்தில் இருந்த கருங்கல்லில் ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டாள். என் உயிர் போய் வந்தது. காசு ‘கிணிங்’ என்று ஒரு நீள ஓசை எழுப்பி, கூவிக்கொண்டே உருண்டது.

“வெள்ளிதான். ஈயம்னா ‘டொக்’குன்னு செத்த கொரலு வரும்” என்று சாட்சி சொல்லிவிட்டு, சங்கரா மீனைத் தராசில் போட்டாள். நான் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். மீனின் கண்ணைக் கூடப் பார்க்காமல் பணத்தை எடுத்து நீட்டினேன். இந்தத் தெருவில் அது சரித்திரத்தில் முதல் தடவை. அவள் விடுவாளா?

“இன்னாக்கா, மீனுன்னா நாலு தபா செவுளத் தூக்கி என் மானத்த வாங்குவ, ஒரு காசக் குடுத்தா இப்டி பேய் அறைஞ்ச மாரி நிக்கிற?”

ஓரத்தைப் பிடியுங்கள்

மாதா கோவிலுக்குப் பின் சந்தில் சாமுவேல் சார் இருக்கிறார். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருடமாகக் காசு சேர்க்கிறவர். அன்று மாலையே அவரிடம் போனேன். ஷீலாவின் வீடியோக்காரனைவிட இவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததற்குக் காரணம், இவர் வீட்டு நாற்காலியில் பிரம்பு கிழிந்திருந்தது. காசை நான் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக ராணியின் கன்னத்தில் அழுத்திப் பிடித்து நீட்டியதைப் பார்த்ததும், “ஐயோ, ஓரத்தைப் பிடிங்கம்மா, ஓரத்தை!” என்று பாய்ந்து வந்து வாங்கினார். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டார். ஐந்து நிமிடம் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மின்விசிறி மட்டும் டக் டக் என்றது. ஸ்கேன் எடுக்கிற அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் அந்த ஐந்து நிமிடத்தை அறிவார்கள்.

“காசு அசல்தான். ஆனா கழுவியிருக்கீங்க” என்றார். கழுவினால் தப்பா சார்? காசு சேர்க்கிறவர்களுக்கு அந்தக் கறுப்புதான் வயசுச் சான்றிதழாம். அதைத் தேய்த்து எடுத்தால் விலை பாதி விழுந்துவிடுமாம். பிறகு என் அழுக்குப் புள்ளிகளுக்கு வந்தார். 1862 என்று போட்ட அதே அச்சைப் பல வருடம் வைத்து அடித்தார்களாம். எந்த வருடம் அடித்தது என்று அடையாளம் தெரியத்தான் அந்தப் புள்ளிகளாம். அதைத்தான் நான் ஊக்கால் நோண்டினேன். சிஸ்டர், நீங்கள் எந்தச் சொர்க்கத்தில் இருந்தாலும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

“இங்க புதுசா ஊசிக் கீறல் இருக்கு. பக்கத்துலயே பழசா இன்னொரு கீறலும் இருக்கு. மூக்கு, கன்னமெல்லாம் மழுங்கிடுச்சு. இது ஒரு நாள் வேலை இல்லம்மா” என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். என்னைத் தேற்றத்தான் சொல்கிறார் என்று நினைத்து அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் கறுப்பு திரும்ப வருமா? அவர் லென்ஸைக் கழற்றி, என்னை முதன்முறையாக நேராகப் பார்த்தார்:

“வரும்மா. ரப்பர் பேண்டோட டப்பாவுல போட்டு மூடிட்டு, நம்ம எண்ணூர் ஃபேக்டரிக் காத்தும் சேந்துச்சுன்னா தானா வரும். ஒரு நாலஞ்சு வருஷம் பொறுமையா இருங்க.”

முட்டை வைத்தியம்

நாலைந்து வருடம்! வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கஸ்தூரியிடமிருந்து போன். “ஞாயித்துக்கெழம வரேன் அண்ணி. காச எடுத்து வையுங்க.” மறுபடியும் ‘வையுங்க’. நடுவில் ஒரே ஒரு சனிக்கிழமை.

பத்தாம் வகுப்பு கெமிஸ்ட்ரி மிஸ் இங்கே கைகொடுத்தார். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும், அவித்த முட்டையில் கந்தகம் உண்டு. இரண்டு முட்டையை அவித்து, சூடாக நசுக்கி, காசோடு ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். சமையலறையில் உட்கார முடியாத நாற்றம். மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தால், ராணிக்குக் கறுப்பு வரவில்லை. நெற்றியில் நீலம், கன்னத்தில் ஊதா, தாடையில் மஞ்சள். யாரோ நாலு சாத்து சாத்தினது மாதிரி இருந்தாள். இதை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் என் மேல் வழக்கே போடலாம். வேறு வழியில்லாமல் மறுபடி பல்பொடியை எடுத்தேன். ஆமாம், மறுபடி. காசை இரண்டாவது முறை கொன்றேன்.

நடந்ததையெல்லாம் கஸ்தூரியிடம் நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவது, அண்டாவுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்பது, அவள் நம்பாவிட்டால் காசை முழுதாக அவளிடமே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். பிரஷ்ஷும் கையுமாக நான் வாஷ்பேசின் முன் அழுதுகொண்டு நிற்பதை வீட்டுக்காரர் கதவோரம் நின்று பார்த்தார். ஆறுதலாக இரண்டு வார்த்தை வரும் என்று நினைத்தேன். வந்தது:

“அந்த முட்டைய இனிமே துன்ன முடியாதா?”

ஞாயிற்றுக்கிழமை

கஸ்தூரி பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகம் வீங்கியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. “காசு எங்க?” என்றாள். தயார் செய்து வைத்திருந்த பேச்சில் முதல் வரியே மறந்துவிட்டது. ஒரு கிண்ணத்தில் வைத்துக் காசை நீட்டினேன். பார்த்தாள். போனை எடுத்து, அந்தக் கறுப்புப் படத்தைத் திறந்து, காசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவள் காசை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். வருடத்துக்குக் கீழே கட்டைவிரல் நகத்தால் தடவினாள். தடவிய இடத்திலேயே விரல் நின்றது. “தோ, என் கீறலு” என்றாள். எனக்குப் புரியவில்லை. “சின்ன வயசுல ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை இந்தக் காசத் தேய்க்கிற வேல என்னுது அண்ணி. பல்பொடி போட்டுத் தேய்ப்பேன். இந்தப் புள்ளி மட்டும் போவவே போவாது. ஒரு வாட்டி ஊக்கால நோண்டி அப்பாகிட்ட அற வாங்கினேன். ராணிக்கு சளி புடிச்சிகீதுன்னு மூக்க மட்டும் அழுத்தித் தேய்ப்பேன், பாருங்க, மூக்கே இல்ல” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவளுக்குக் கல்யாணமாகிப் போன பிறகு காசைத் தேய்க்க ஆளில்லை. டப்பாவுக்குள் கிடந்து கறுத்திருக்கிறது. அவளுக்கு அது தெரியாது. அவள் கண்ணில் அந்தக் காசு என்றைக்கும் வெள்ளை.

“அன்னிக்கு டப்பாவுல கறுப்பா பாத்தேனா, நெஞ்சு பக்குனு ஆயிடுச்சு. எங்கப்பாது இது இல்ல, அண்டா மாரியே இதையும் நீங்க மாத்திட்டீங்கன்னு நெனச்சேன். அதான் போட்டோ எடுத்தேன். மூணு வாரமா தூக்கமில்ல அண்ணி, அண்ணங்கிட்ட எப்டி கேக்கறதுன்னு.” மூன்று வாரம்! மணலியில் அவளும் ராயபுரத்தில் நானுமாக, ஒரே காசுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து விழித்திருந்திருக்கிறோம். அவளுடைய கீறலுக்குப் பக்கத்தில் இருந்த என் கீறலைக் காட்டினேன். அதையும் நகத்தால் தடவிவிட்டு, “உன்ன அறைய எங்கப்பா இல்லாம பூட்டாரு” என்றாள். ‘உன்ன’ என்றாள். எனக்கு அது போதும்.

விற்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த வருடம் ஆயுத பூஜைக்கு அவள் வந்து தேய்ப்பதாகவும், அதுவரை நான் அதைத் தொடக் கூடாது என்றும் ஏற்பாடு. அண்டாவுக்கும் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தெருவில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

“காசு விசயம் தீந்துது, அண்ணி. அண்டா விசயம் அப்டியே கீது.”

ஆக, காசின் மதிப்பைச் சொல்ல ஊர் முழுக்க ஆள் இருக்கிறார்கள், நம் மதிப்பைச் சொல்ல நாத்தனார் ஒருத்திதான் இருக்கிறாள், அவளும் ஒரு பித்தளை அண்டாவைக் கழித்துக்கொண்டுதான் சொல்கிறாள்.